தண்டோராவிலிருந்து ரீல்ஸ் வரை: மனை விற்ற கதை

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போலக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகரலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போதெல்லாம் என் முகநூலைத் திறந்தால் பத்துப் பதிவில் நாலு பதிவு மனை விற்பனை. "பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்" என்று சொல்லும் குரல்களில் பாதி எனக்குப் பழகிய குரல்கள். அக்பரின் நிலவரி முறையைச் சொல்லச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடிய பையன், இன்று கேமராவைப் பார்த்து மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் பேசுகிறான். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பக்கத்திலும் நம் ஆட்களே. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள், ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் என் சக ஆசிரியர்கள், சொந்தக்காரர்கள். விற்பவனும் என் மாணவன், வாங்குபவனும் என் மாணவன் என்றால் நான் பேசாமல் இருக்க முடியுமா?

சமூக வலைத்தளத்தில் ரியல் எஸ்டேட் தொழில் வளர்ந்த கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரலாற்று வாத்தியார் என்பதால் ஆயிரம் ஆண்டு பின்னால் போய்விட்டுத்தான் வருவேன், பழகியவர்களுக்குத் தெரியும். போகும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலம் கைமாறப் போகிறது என்ற செய்தி முதலில் யார் காதில் விழுகிறது? அந்த நிலத்தை அறிந்தவர் காதிலா, அறியாதவர் காதிலா?

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அதுதான். அதில் ஒரு விஷயம் பாடப் புத்தகத்தில் வராது. கொடுத்த நிலத்தின் எல்லை எது என்று முடிவு செய்ய ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்திக்கொண்டு போனார்கள். அதிகாரிகளும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் கூடவே நடந்தார்கள். வாய்க்கால் எது, மேடு எது, பக்கத்து ஊர்க்காரனின் வயல் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், கல்லும் கள்ளியும் நட்டார்கள். சோழர் காலச் செப்பேடுகள் பலவற்றில் இது வருகிறது.

யானை எதற்கு என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். சடங்கு என்பது ஒரு பதில். என் பதில் வேறு. யானை வந்தால் ஊரே வீட்டை விட்டு வெளியே வரும். ஊரே பார்க்கும்போது, "அது எங்க பாட்டன் நிலம்" என்று சொல்ல வேண்டியவன் அங்கேயே சொல்லிவிடுவான். பிறகு வந்து சொன்னால் எடுபடாது.

வெள்ளைக்காரன் காலத்தில் யானை போய்ப் பறை வந்தது. 1908-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பதிவுச் சட்டம். இன்றும் சார்பதிவாளர் அலுவலகம் அதன்படிதான் நடக்கிறது. இன்னொன்று உரிமையியல் நடைமுறைச் சட்டம். நீதிமன்றம் ஒருவரின் நிலத்தை ஜப்தி செய்தால், அந்த நிலத்திலோ அதற்குப் பக்கத்திலோ பறையடித்து அறிவிக்க வேண்டும், நிலத்திலும் நீதிமன்றத்திலும் அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. நன்றாகக் கவனியுங்கள். நிலத்துக்குப் பக்கத்தில்! பட்டணத்தில் பணக்காரன் வீட்டு வாசலில் அல்ல. (பறையடிக்கும் வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டி வைத்திருந்தது நம் ஊரின் அநியாயம். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-ல் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது சரியான காரியம். நான் பறை வேண்டும் என்று சொல்லவில்லை, சத்தம் எங்கே கேட்டது என்று மட்டும் சொல்கிறேன்.)

அதன் பேரப்பிள்ளை ஒன்று இன்னமும் உயிரோடு இருக்கிறது. நாளிதழில் பொடி எழுத்தில் 'பொது அறிவிப்பு' என்று ஒரு கட்டம் வருமே. இன்ன சர்வே எண்ணில் உள்ள இன்ன சொத்தை என் கட்சிக்காரர் வாங்கப் போகிறார், ஆட்சேபணை இருப்பவர்கள் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று வக்கீல் கொடுப்பது. அழகில்லாத விளம்பரம். ஆனால் ஆட்சேபணையைக் கேட்டு வாங்கும் விளம்பரம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தனியார் விற்பனை வேறு வழியில் நடந்தது. ஊருக்கு ஒரு தரகர். டீக்கடை பெஞ்சு அவருக்கு அலுவலகம், தோளில் துண்டு, கையில் குடை. விற்பவனும் வாங்குபவனும் அவருக்குப் பல வருடப் பழக்கம். வில்லங்கம் உள்ள நிலத்தை ஒருமுறை தலையில் கட்டிவிட்டால் அதே பெஞ்சில் மறுநாள் உட்கார முடியாது. அந்தப் பயம்தான் அவருக்குக் கடிவாளம். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் மனை வாங்கியது பெரும்பாலும் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் வழியாக. ஊருக்கு ஊர் ஆசிரியர் காலனி இருப்பது அப்படித்தான். சங்கத்துக்கு விளம்பரமே கிடையாது. ஆசிரியர் அறையில் சாப்பாட்டு நேரத்தில் வாயால் பரவிய செய்தி, அவ்வளவுதான்.

நிலத்தை அறியாதவரிடம், தூரத்தில் இருப்பவரிடம், படத்தைக் காட்டி நிலம் விற்பது எப்போது பெரிய தொழிலானது? இதற்கு நான் உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் இன்று நம் கைப்பேசியில் வரும் அத்தனை உத்தியும் நூறு ஆண்டுக்கு முன் புளோரிடாவில் ஒத்திகை பார்க்கப்பட்டவை.

1920-களில் அங்கே நிலப் பைத்தியம் பிடித்தது. கார்ல் ஃபிஷர் என்பவர் சதுப்பு நிலத்தில் கடல் மணலை வாரிக் கொட்டி மயாமி பீச் என்ற ஊரை உண்டாக்கினார். விற்க வேண்டுமே? நியூயார்க்கில் ஆட்கள் பனியில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, டைம்ஸ் சதுக்கத்தில், மயாமியில் இப்போது ஜூன் மாதம் என்று விளம்பரப் பலகை வைத்தார். 1921 ஜனவரியில் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவி ஏற்காத ஹார்டிங் மயாமிக்கு வந்தார். அவர் கோல்ஃப் ஆடும்போது மட்டைப் பையைச் சுமக்க ஃபிஷர் ஒரு யானைக்குட்டியை நிறுத்தினார். புகைப்படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. ஒரு காசு செலவில்லாமல் விளம்பரம். இன்றைய மொழியில் சொன்னால் வைரல்.

ஆனைமங்கலத்திலும் யானை, மயாமியிலும் யானை. அங்கே ஊர்க்காரர்கள் எல்லைக்கல்லைப் பார்க்க யானை வந்தது. இங்கே யாரும் எல்லைக்கல்லைப் பார்க்காமல் இருக்க யானை வந்தது.

பக்கத்தில் கோரல் கேபிள்ஸ் என்ற ஊரை உண்டாக்கிய ஜார்ஜ் மெரிக், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர், நாட்டின் மிகப் பெரிய பேச்சாளர். ஒரு நீச்சல் குளத்தின் கரையில் நின்று புளோரிடா நிலத்தின் பெருமையைப் பேசுவதுதான் அவருக்கு வேலை. நம் சீரியல் நடிகர்கள் வயல்வெளியில் நின்று பேசியதற்கு மூத்த அண்ணன் இவர். பாஸ்டனில் மோசடி செய்து சிறைக்குப் போன சார்ல்ஸ் போன்சியும் புளோரிடாவுக்கு வந்தார். 'ஜாக்சன்வில் அருகே' என்று சொல்லி அவர் விற்ற துண்டு மனைகள் அந்த நகரத்திலிருந்து பல மைல் தள்ளி இருந்தன. 'அருகே' என்ற சொல்லுக்கு நூறு வயது ஆகிவிட்டது பாருங்கள்! 1926 செப்டம்பரில் பெரும் புயல் அடித்தது. ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்த விலை அதோடு படுத்தது.

நம் ஊருக்கு வருவோம். நான்குவழிச் சாலைகள் வந்த பிறகு, 2000-க்குப் பின், சாலை ஓரத்து மானாவாரி நிலமெல்லாம் வண்ணக் கொடி கட்டிய மனைப்பிரிவு ஆனது. செயற்கைக்கோள் தொலைக்காட்சிகள் காலை நேரத்தை அரை அரை மணியாக விற்றன. அந்த அரை மணியில் தெரிந்த முகம் ஒன்று வரும். இலவச வேன் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு உண்டு. பந்தலில் உட்கார வைத்துப் பிரியாணி போட்டுவிட்டால் நம் ஆட்களுக்கு மறுத்துப் பேச வாய் வராது. இந்த உளவியலைக் கண்டுபிடித்தவன் யாரோ, பெரிய ஆள்தான்.

என் தங்கை அப்படித்தான் 2009-ல் 1,200 சதுர அடி வாங்கினாள். டிவியில் பார்த்து, வேனில் போய், தாலிக்கொடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகையை அடகு வைத்து வாங்கினாள். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று கணக்கு. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று முத்திரை குத்திய வரைபடம் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அந்தப் பெயரில் அலுவலகமும் இல்லை. மனைப்பிரிவுக்குத் தன்னிச்சையாக அனுமதி கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை, 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டப்படி டி.டி.சி.பி. அனுமதி வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? வேனில் வந்த நாற்பது பேருக்கும் தெரியாது. தெரிந்த ஊர்க்காரர் எவரும் அந்த வேனில் இல்லை. அதுதான் வேனின் சூட்சுமம்.

இனி 2016. இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் இதைச் செய்யுங்கள். செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், ஜியோ வந்தது. டேட்டா இலவசம். அதுவரை வீடியோ என்றால் காசு கரையும் என்று பயந்தவர்கள் கைப்பேசியில் நாள் முழுக்கப் படம் பார்க்கத் தொடங்கினார்கள். சரியாக நாலு நாள் கழித்து, செப்டம்பர் 9 அன்று, அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. வழக்குப் போட்ட வழக்கறிஞரின் பெயர் யானை ராஜேந்திரன். சத்தியமாக நான் சேர்க்கவில்லை, அவரை அப்படித்தான் அழைப்பார்கள். விளைநிலமும் நீர்நிலையும் மனையாவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. அக்டோபர் 20 அன்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு.

இரண்டு மாதத்தில் நாலு இடி. தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வாங்கிய நிறுவனங்கள் பல அதோடு அடங்கிவிட்டன. பெரிய செலவு செய்ய முடியாதவர்கள் கையில், இலவசமாக வீடியோ பார்க்கும் கோடிக்கணக்கான ஜனங்கள் வந்து விழுந்தார்கள். சமூக வலைத்தள ரியல் எஸ்டேட் நம் ஊரில் பிறந்தது இந்த இடுக்கில்தான் என்பது என் கணிப்பு.

என் தங்கையின் மகளுக்கு அந்தத் தை மாதம் கல்யாணம். "அண்ணே, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிய மாட்டேங்கிறாங்களாம், பேசி வச்ச பார்ட்டி பின்வாங்கிட்டாங்க" என்று அவள் போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. கல்யாணம் கடன் வாங்கி நடந்தது. 20.10.2016-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி, நடையாய் நடந்து, அவள் மனை சட்டப்படி மனை ஆனது. அந்த நடையில் அவளுக்கு வந்த மூட்டு வலி மட்டும் இன்னும் வரன்முறை ஆகவில்லை.

அதே சமயத்தில் மத்தியச் சட்டமும் வந்தது. ரெரா என்று எல்லோரும் சொல்கிறோமே, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே 1. தமிழ்நாட்டின் விதிகள் ஜூன் 22-ல் வந்தன. தொழில் செய்யும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, எட்டு வீட்டுக்கு மேல் கட்டினாலோ, ரெராவில் பதியாமல் விற்கக் கூடாது. விற்பது கிடக்கட்டும், விளம்பரமே செய்யக் கூடாது. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டும் கொஞ்சமும்தான். விளம்பரம் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்தில் எந்த ஊடகமும் அடங்கும். ஆகவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான், ரீல்ஸும் விளம்பரம்தான். 'பிரீ லாஞ்ச் ஆஃபர், அப்ரூவல் வந்துகொண்டிருக்கிறது' என்று போடுவது சாமர்த்தியம் இல்லை, சட்ட மீறல். அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகும். விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். இடையில் நிற்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தால், அதை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்டஈடு கேட்கலாம், விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இதற்காகத்தான் வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அந்த வீடியோவைச் சேமித்து வையுங்கள். பிரியாணிப் பந்தலில் சொன்ன வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது, ரீல்ஸுக்கு உண்டு.

இந்தத் தொழில் கைப்பேசியில் எப்படி நடக்கிறது என்பதை என் மாணவர்களே உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். முகநூலில் ஒரு விளம்பரம் போட்டு, இன்ன வயது, இன்ன ஊர், இன்ன நாட்டில் வேலை செய்பவர் என்று வடிகட்டலாம். பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால் பெயரும் எண்ணும் ஒரு படிவத்தில் தானாகவே நிரம்பிவிடும். அதற்கு 'லீட்' என்று பெயர். சூடு ஆறுவதற்குள் ஒரு பெண் போன் செய்வாள். பிறகு வாட்ஸ்அப்பில் படம், வரைபடம், சைட் விசிட். துபாயில் இருப்பவன் என்றால் வீடியோ அழைப்பில் மனையைக் காட்டி, ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் பவர் கொடுத்துப் பத்திரம் முடித்துவிடுவார்கள். 2020 ஊரடங்கில் இந்த வழக்கம் வேர் பிடித்தது. அந்த ஜூன் கடைசியில் டிக்டாக் தடையாக, ஜூலையில் இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது. ட்ரோனை மேலே ஏற்றி எடுத்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நெடுஞ்சாலை வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக் காலத்தில் இந்தத் தொழில் பெரும் பணக்காரர்களுடையது. இப்போது கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே பழைய வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். மூலதனம் ஒரு கைப்பேசியும் ஒரு ஸ்கூட்டியும். ரெராவில் ஏஜென்ட்டாகப் பதிந்திருக்கிறாள். டீக்கடை பெஞ்சில் அவளுக்கு யாரும் இடம் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வடிகட்டி இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நாளிதழ் விளம்பரத்தை ஊரே பார்க்கும். முகநூல் விளம்பரத்தை யாருக்குக் காட்ட வேண்டும் என்று விற்பவர் முடிவு செய்கிறார். அமெரிக்காவில் இதன் விபரீதம் வெளியே வந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு கூடாது என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள். 2016 அக்டோபரில் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஒரு வீட்டு விளம்பரம் கொடுத்துப் பார்த்தது. கறுப்பின மக்கள் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்க முகநூலில் வசதி இருந்தது! 2019-ல் அந்நாட்டு வீட்டு வசதித் துறை குற்றச்சாட்டுப் பதிவு செய்து, 2022-ல் நீதித் துறையோடு சமரசம் ஏற்பட்டு, விளம்பரம் காட்டும் முறையை மாற்ற அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 'இங்கே வராதே' என்று பலகை வைத்தால் எதிர்த்துப் போராடலாம். கண்ணிலேயே படாத விளம்பரத்தை எதிர்த்து யார் போராடுவது? நம் ஊரில் 'நம்மவர்களுக்கு மட்டும்' என்று தனி வாட்ஸ்அப் குழுவில் மனை விற்கும் புண்ணியவான்கள் இதைப் படித்தால் சரி.

எனக்கு வேண்டியது இன்னொரு ஒதுக்கல். துபாய், சிங்கப்பூர், பெங்களூரு என்று வடிகட்டும்போது யார் விட்டுப்போகிறார்கள்? அந்த மனைக்குப் பக்கத்துக் காட்டுக்காரன். தண்டோரா முதலில் யார் காதில் விழுந்ததோ அவன்.

சில மாதங்களுக்கு முன் 1994-ல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் எழுதவில்லை, படிக்கும்போது அவனுக்கே தெரியும். திருச்சிக்குத் தெற்கே டி.டி.சி.பி., ரெரா எல்லாம் வாங்கி முறையாக மனை போட்டிருக்கிறான். "சார், நீங்க ஒரு நிமிஷம் பேசினா போதும். 'என் மாணவன் நேர்மையானவன், நம்பி வாங்கலாம்'னு சொன்னா போதும். உங்க பேஜ்ல நாலாயிரம் பேர் இருக்காங்க. அத்தனை பேரும் உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை பேச மாட்டாங்க" என்றான்.

முடியாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?"

அவன் மேல் நம்பிக்கை உண்டு. அந்த நிலத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பரிந்துரை செய்து பேசியவருக்கும் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம். உரிய முறையில் சரிபார்த்துவிட்டுப் பேசினேன் என்று நிரூபித்தால்தான் தப்பிக்கலாம். ஓய்வூதியத்தில் கட்டி முடிக்கிற தொகையா அது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உண்மையில் எனக்குப் பணக் கணக்கு இல்லை. என் நாலாயிரம் பேரில் ஒருத்தி, என் தங்கையைப் போல, நகையை அடகு வைத்து வாங்குவாள். அவளுக்கு நான் பிரையன் மாதிரி குளக்கரையில் நின்று பேசிய ஆள் ஆகிவிடுவேன்.

"நான் வேண்டாம், நிலமே பேசட்டும். வீடியோவில் சர்வே எண்ணைப் போடு" என்றேன். பட்டாவும் புலப்படமும் அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால்தான் எதையும் பார்க்க முடியும். நூறு வீடியோவில் தொண்ணூற்றைந்தில் அது இருக்காது. பத்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்ற கணக்கு மட்டும் இருக்கும்.

அவன் தயங்கினான். "சர்வே நம்பர் போட்டா போட்டிக்காரன் பார்ட்டியைத் தூக்கிடுவான் சார். கிராமத்துல எவனாவது வந்து ஏதாவது பிரச்சினையைக் கிளப்புவான்."

"கிளப்பட்டும்டா. விற்ற பிறகு கிளப்பினா உனக்கு நல்லதா, விற்கும் முன்னாடி கிளப்பினா நல்லதா?" என்றேன்.

ஒரு மாதம் கழித்துச் செய்தான். சர்வே எண், மூலப்பத்திரம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, வில்லங்கச் சான்று, அனுமதி எண், ரெரா எண், மனையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தே போய் எடுத்த காட்சி, இருபத்திரண்டு நிமிடம். பாட்டு இல்லை, ட்ரோன் இல்லை. கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்தான். அந்த ஊர்க்காரர்களின் முகநூல் குழுவிலும் அவனே போட்டான். இது அவனுக்கே தோன்றிய யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தங்கிலீஷில் எழுதியிருந்தார். கிழக்கு ஓரம் கார்த்திகை மழைக்கு ஏரி நிரம்பினால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், எங்கள் ஆடு நின்ற இடம் எங்களுக்குத் தெரியாதா என்று. எந்தப் பத்திரத்திலும் இல்லாத விஷயம், எந்த அலுவலகமும் சொல்லாத விஷயம். அவன் பெரியவர் வீட்டுக்கே போய்ப் பேசினான். கிழக்கு வரிசை ஐந்து மனைக்கும் மூன்றடி மண் அடிக்க வேண்டும் என்று அடுத்த வீடியோவில் வெளிப்படையாகச் சொல்லி விலையைக் குறைத்தான். அதில் இரண்டை அந்த ஊர்க்காரர்களே வாங்கினார்கள்.

அந்த வீடியோவை இதுவரை பார்த்தவர்கள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர். அதற்கு முன் நடிகை ஒருவரை வைத்து எடுத்த ரீல்ஸை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்களாம். எதில் எத்தனை மனை விற்றது என்று கேட்டேன். "ரீல்ஸ்ல லீட் நிறைய வந்துச்சு சார், போன் எடுத்தா யாருன்னே தெரியல. இதுல போன் பண்றவங்க சர்வே நம்பரைப் பார்த்துட்டுத்தான் பண்றாங்க, ரெண்டாவது கேள்வியே பத்திரத்தைப் பத்தித்தான்" என்றான். மொத்தம் முப்பத்தெட்டு மனையில் இன்னும் பதினொன்று மீதி இருக்கிறதாம்.

எந்த இடம், லிங்க் அனுப்புங்கள் சார் என்று கீழே யாரும் கேட்க வேண்டாம். தர மாட்டேன்.